‘யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ’: கலியாண வீட்டில் போடக்கூடாத பாட்டு

போன மாதம் உப்புவெளிப் பக்கம் ஒரு கலியாண வரவேற்பு. வாசலில் கட்டியிருந்த வாழைக்குலையை இரண்டு மான் வந்து இழுத்துக்கொண்டிருக்க (திருகோணமலையில் இது ஒரு செய்தியே இல்லை), மாப்பிள்ளையும் பொம்பிளையும் கைகோத்து மண்டபத்துக்குள் வந்தார்கள். டீஜே பெடியன் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டைத் தட்டிவிட்டான். வயலின்கள் எழும்பின, டிரம்பெட்டுகள் சேர்ந்தன, எல்லாரும் கைதட்டினார்கள், போன்கள் தலைக்கு மேலே உயர்ந்தன, பொம்பிளைகூட மேடைக்குப் போகிற வழியில் கொஞ்சம் தோளை ஆட்டினாள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மா மட்டும் வாயில் கிடந்த கட்லட்டை விழுங்காமலே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“என்ன பெரியம்மா?”

“இந்தப் பாட்டு என்ன சொல்லுது எண்டு தெரியுமா உனக்கு? கலியாணம் கட்டி என்னைப்போல மாட்டிக்கொள்ளாதீங்க பிள்ளைகளே, ஓடித் தப்புங்க எண்டு சொல்லுது. இதைப் போட்டுக் கூட்டிக்கொண்டு வாறாங்கள் பாரு.”

பெரியம்மா எழுபதுகளில் சீனன்குடாவில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தவர். இங்கிலீஷ் எங்கள் எல்லாரையும்விட நன்றாக விளங்கும். பாட்டு வெளிவந்த காலத்தில் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் கேட்டிருக்கிறாராம். நான் அன்றைக்குத்தான் அந்தப் பாட்டின் சொற்களைக் கவனித்தேன். அதற்கு முன் குறைந்தது முப்பது தரமாவது அதற்கு ஆடியிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாட்டு ‘யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ’. பாடியவர் கேண்டி ஸ்டேட்டன். பெயரைச் சொன்னதும் மச்சான் ஒருவன் “கண்டியா, மாத்தளையா?” என்று கேட்டான், அந்தப் பகிடியை இத்தோடு விட்டுவிடுவோம். ஆள் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஹேன்ஸ்வில் என்ற ஊர்க்காரி. சின்ன வயதிலேயே தேவாலயப் பாட்டு, 1950களில் ஜூவல் கோஸ்பல் ட்ரியோ என்ற குழுவில் ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். பிறகு அறுபதுகளின் கடைசியில் அதே அலபாமாவின் மஸ்ஸல் ஷோல்ஸில், ரிக் ஹோல் நடத்திய ஃபேம் ஸ்டூடியோவில் சோல் (கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டு வகை) பாட்டுகள். அங்கே பாடிய இரண்டு பாட்டுகளுக்கு கிராமி பரிந்துரையும் கிடைத்தது. அதாவது இவர் டிஸ்கோவுக்காக (எழுபதுகளின் நடன விடுதி இசை) உருவாக்கப்பட்ட பாடகி இல்லை. அழுகிற பாட்டுகளைப் பாடிப் பழகிய ஒரு குரலை 1976இல் ஒரு நடனப் பாட்டுக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தப் பாட்டின் முழு ருசியும் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, நான் எழுத வந்தது அந்த ரெக்கோட்டைப் பற்றி. கலியாணத்துக்குப் பிறகு ஒரு வெறி பிடித்துவிட்டது. டொரொண்டோவில் இருக்கிற மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன். அவள் அங்கே ஒரு பழைய ரெக்கோட் கடையில் இந்தப் பாட்டின் ஏழு அங்குல இசைத்தட்டைத் தேடி எடுத்து, விடுமுறைக்கு வரும்போது சாறிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். போகும்போது அதே இடத்தில் கருவாடு போனது, நியாயமான பண்டமாற்று.

தட்டு வோர்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. நடுவில் ஒட்டியிருக்கிற லேபிளில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் உயரமான மரங்கள். முதலில் பார்த்துவிட்டு “இதென்ன நிலாவெளித் தென்னந்தோப்பு மாதிரி” என்று நினைத்தேன். அது கலிபோர்னியாவில் அந்தக் கம்பெனி இருந்த பர்பேங்க் ஊராம், மரங்கள் தென்னையும் இல்லை, ஏதோ அழகுக்கு நட்ட பனை வகை. உறை வெறும் மண்ணிறக் கடதாசி, மூலையில் யாரோ நீலப் பேனையால் ஒரு பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒரு நீளமான கீறல். அதைப் பற்றிப் பிறகு.

பெரியம்மா வீட்டில் மாமா கப்பல்காரரிடம் வாங்கிய ஒரு ரெக்கோட் பிளேயர் கிடக்கிறது. ஊசி கொழும்பில் இருந்து எடுப்பித்தோம். தட்டை வைக்கப் போனால் நடுத்துளை ஒரு ரூபாய்க் குற்றியைவிடப் பெரிதாக இருக்கிறது, பிளேயரின் கம்பியோ பென்சில் மொத்தம்தான். வட அமெரிக்காவில் அச்சடித்த 45 சுற்றுத் தட்டுகளுக்குத் துளை அப்படித்தானாம், நடுவில் பொருத்த ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும். அந்த வளையத்துக்குத் திருகோணமலையில் எங்கே போவது? டொக்யார்ட் வீதியில் இரண்டு கடை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, கேட்டவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கடைசியில் பெரியம்மாவின் பேரன் ஒரு பழைய ரப்பர் சிலிப்பரின் குதியில் இருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, நடுவில் சூடான ஆணியால் துளை போட்டு மாட்டினான். பொருந்தியது. ஆனால் துளை சரியாக நடுவில் விழவில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி கொஞ்சம் மேலே போய்க் கீழே வந்தது, ஊஞ்சலில் இருந்து பாடுகிற மாதிரி. இரண்டாவது சிலிப்பர்த் துண்டு பரவாயில்லை.

முதல் தரம் 33இல் வைத்துப் போட்டுவிட்டோம், அது இன்னொரு கூத்து. ஒரு ஆம்பிளை நித்திரைக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி வந்தது. பேரன், “இதையா அப்பம்மா டான்ஸ் பாட்டு எண்டீங்க?” என்று கேட்டான். 45க்கு மாற்றியதும்தான் அந்த அம்மாவின் குரல் வந்தது.

வந்த குரலைப் பற்றி என்ன சொல்ல? எழுபதுகளின் நடனப் பாட்டுகள் பலவற்றில் பாடகியின் குரலும் இன்னொரு வாத்தியம் மாதிரித்தான் இருக்கும், மினுக்கமாக, வழுக்கிக்கொண்டு போகும். இவருடைய குரலின் ஓரத்தில் ஒரு கரகரப்பு இருக்கிறது. முதல் அடியிலேயே, கிடைத்த ஒரே ஒரு வாழ்க்கையை இன்னொருவனோடு பங்குபோட்டு, கடைசியில் தனிச்சுப்போன ஒரு மனைவியாக முடிகிறதில் என்ன அர்த்தம் என்று கேட்கிறார். இதைக் கேட்கிறவர் அழுதுகொண்டு கேட்கவில்லை. அடுப்படியில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுப் பெட்டையிடம் சொல்லுகிற மாதிரிச் சொல்லுகிறார். நடுவில் ஒரு இடம் வரும், விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுகிறேன், ஆனால் சொல்லுகிற மாதிரி இல்லையே செய்வது, என்கிற பொருளில். அந்த அடியை அவர் வேகமாகக் கடந்துவிடுகிறார். நின்று உருகவில்லை. கேட்கிற நமக்குத்தான் அது இரண்டு அடி தள்ளிப் போன பிறகு குத்துகிறது.

அப்புறம் பல்லவி வந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்கு ஒரு காரணம் தாளம். டிஸ்கோவில் அடித் தாளம் நாலு அடிக்கும் ஒரே மாதிரி விழும், டும் டும் டும் டும். ஒவ்வொரு டும்முக்கும் நடுவில் ஹைஹட் (டிரம்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற சோடித் தாளத்தட்டு) ‘ட்ஸ்’ என்று திறந்து மூடும். கால் யோசிக்கத் தேவையில்லை, நடக்கத் தெரிந்தவன் ஆடலாம். எங்கள் ஊர்க் கால்கள் பைலாவுக்குப் பழகினவை, அது ஆறு எண்ணிக்கைத் தாளம், இடுப்பு தானாக ஒரு பக்கம் சாயும். பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினோடு கப்ரிஞ்ஞா என்ற அவர்களுடைய பழைய ஆட்டத்தை ஆடுகிறதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லுகிறது விளங்கும். பைலா ஆடுகிறவனை டிஸ்கோவுக்கு விட்டால் முதல் அரை நிமிடம் தடுமாறுவான், பிறகு இடுப்பை விட்டுத் தோளால் ஆடத் தொடங்குவான். அன்றைக்கு மண்டபத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மாமாமார் எல்லாரும் தோளால்தான் ஆடினார்கள்.

ஆக, காலைப் பிடித்து வைத்திருக்கிற தாளம், நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற சொல், இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் ஓடுகிற பாட்டு இது. இதை எழுதித் தயாரித்தவர் டேவிட் குரோஃபர்ட். ஸ்டேட்டன் அப்போது அடியும் மிரட்டலுமான ஒரு உறவில் சிக்கியிருந்தார். உன் வாழ்க்கையில் என்னதான் நடக்கிறது என்று குரோஃபர்ட் கேட்க, இவர் சொல்ல, அவர் அதையே பாட்டாக எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார், காலத்துக்கும் நிற்கிற பாட்டொன்று எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு. ஸ்டேட்டன் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை இது. தன் சொந்த வீட்டுக் கதையைத் தானே பாடினால், அதற்குப் பின்னால் வயலின் என்ன வாசித்தாலும் குரல் பொய் சொல்லாது.

ஊர் உலகம் எப்படி எடுத்துக்கொண்டது? அமெரிக்காவில் பில்போர்ட் என்ற இசைப் பத்திரிகையின் சோல் பட்டியலில் முதலாம் இடம். அதே நாட்டில் எல்லாப் பாட்டும் சேர்ந்த பெரிய பட்டியலில் 20ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. கடல் தாண்டி இங்கிலாந்தில் 2ஆம் இடம் வரை போனது, 1976 கோடையில். கறுப்பின மக்களின் வானொலி நிலையங்களும் நடன விடுதிகளும் கொண்டாடிய அளவுக்கு மற்ற அமெரிக்கா கொண்டாடவில்லை என்றுதான் அந்த இலக்கங்களை நான் வாசிக்கிறேன். 20 என்பது மோசமில்லை. ஆனால் இந்தப் பாட்டுக்கு 20 என்றால் யாருக்கோ காது அடைத்திருந்தது.

சில வருடத்தில் டிஸ்கோவுக்கே கெட்ட காலம் வந்தது. 1979 ஜூலையில் சிக்காகோவில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கோட்டுகளைக் குவித்து வெடிவைத்தே உடைத்தார்கள். ஸ்டேட்டனும் எண்பதுகளின் தொடக்கத்தில் தேவாலயப் பாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1986இல் பாடிய ‘யூ காட் த லவ்’ என்ற பாட்டில் இருந்து அவர் குரலை எடுத்து வேறொரு ஹவுஸ் (டிஸ்கோவுக்குப் பிறகு வந்த மின்னணு நடன இசை) இசைக்கு மேலே ஒட்டினார்கள், அது 1991இல் இங்கிலாந்தில் 4ஆம் இடம், திரும்ப 1997இல் 3ஆம் இடம். எங்கள் பக்கம் சீசன் நேரத்தில், மே தொடங்கி செப்டம்பர் வரை, உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரருக்காகப் பாட்டுப் போடுகிற இடங்களில் பொழுது சாயும்போது நான் வருடக்கணக்காகக் கேட்ட பாட்டு அது. இரண்டும் ஒரே அம்மா என்று இந்த வருடம்தான் தெரியும். தெரிந்த பிறகு திரும்பக் கேட்டால், அட, அதே கரகரப்பு.

‘யங் ஹார்ட்ஸ்’ பாட்டை வேறு ஆட்களும் பாடியிருக்கிறார்கள். 1996இல் வந்த ரோமியோ ஜூலியட் படத்துக்குக் கிம் மஸெல் பாடியது பலருக்குத் தெரிந்திருக்கும், விருந்துக் காட்சியில் வரும். பாட்டு பெரிது, பளபளப்பு, குரலும் பலம். ஆனால் அது விருந்துப் பாட்டாகவே இருக்கிறது. அடுப்படி இல்லை. கலியாணம் கட்டிச் சாகப் போகிற இரண்டு பிள்ளைகளின் படத்தில் இந்தப் பாட்டை வைத்தவனுக்கு மட்டும் சொல் விளங்கியிருக்கிறது, அதற்கு ஒரு சபாஷ்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. வயலின்கள் சில இடங்களில் பாயாசத்துக்கு மேலே சீனி போட்ட மாதிரி. கடைசிப் பகுதியில் பல்லவியே திரும்பத் திரும்ப வந்து மெல்ல மெல்ல மங்குகிறது, ஆடுகிறவர்களுக்கு அது வசதி, நாற்காலியில் இருந்து கேட்கிறவனுக்கு அரை நிமிடம் கூடத்தான். என் தட்டில் இருக்கிற கீறல் சரியாக இரண்டாவது சரணத்தில் ‘டக், டக்’ என்று விழுகிறது, அது பாட்டின் குறை இல்லை, மச்சாளின் கண்ணாடியின் குறை.

பெரிய குறை பாட்டில் இல்லை, போடுகிறவர்களில் இருக்கிறது. அந்தக் கலியாணத்தில் வாடகைக்கு வந்த சவுண்ட் செட் (யாருடையது என்று எழுதமாட்டேன், ஊருக்குள் முகம் பார்க்க வேண்டும்) பேஸை, அதாவது அடித் தொனியை, இழுத்துவிட்ட இழுப்பில் மேசையில் சோடாப் போத்தல்கள் நடந்தன. டும் டும் மட்டும் நெஞ்சில் இடிக்கிறது, பாடுகிற குரல் எங்கேயோ மூதூரில் இருந்து கேட்கிறது. இப்படிப் போட்டால் யாருக்குச் சொல் விளங்கும்? இந்தப் பாட்டுக்குக் குரல் இருக்கிற நடுப்பகுதியைத் தூக்கி பேஸைக் குறைக்க வேண்டும். நான் அந்தப் பெடியனிடம் போய்ச் சொன்னேன். “அண்ணா, அப்ப ஆக்கள் ஆடமாட்டாங்க” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். சொல் விளங்கியிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் கரண்டைப் பிடுங்கியிருப்பார்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், போனில் சும்மா கிடைக்கிற பாட்டுக்கு ரெக்கோட் தேடி அலையத் தேவையில்லை. ஒரு இயர்போனைப் போட்டு, இரவு பத்து மணிக்குப் பிறகு, உட்துறைமுக வீதியில் தண்ணீர்ப் பக்கம் பார்த்து இருந்து, 1976 மூலப் பதிவைத்தான் தேடி எடுத்துக் கேளுங்கள். ரீமிக்ஸ் வேண்டாம், பிறகு கேட்கலாம். நாலு நிமிடம் சொச்சம்தான். ரெக்கோட் பிளேயர் இருந்து, கனடாவில் மச்சாளும் இருந்து, காலில் பழைய சிலிப்பரும் இருந்தால் தாராளமாகத் தட்டையே எடுப்பியுங்கள். நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைச் சீனிக்காகக் கழித்தேன்.

பெரியம்மாவிடம் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். 1983க்குக் கொஞ்சம் முன்னால் பெரியப்பாவின் வீட்டை விட்டு மூன்று பிள்ளைகளோடும் ஒரு தையல் மெஷினோடும் வந்தவர் அவர், ஏன் வந்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து கதைத்ததில்லை. அன்றைக்கு இரண்டாவது சிலிப்பர்த் துண்டு பொருந்திப் பாட்டு நேராக ஓடத் தொடங்கியதும், வாசல் படியில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முடிந்ததும், “திரும்பப் போடு” என்றார். போட்டேன். அந்த நூறு தரம் வருகிற இடத்தில் கீரைக் காம்பை நிறுத்திப் பிடித்தார்.

“நூறு தரமாம்,” என்றார். “நான் ஒரு தரந்தான் சொன்னன்.”

கீரையை ஆய்ந்து முடித்து, மடியைத் தட்டிவிட்டு எழும்பினார்.

“சரி, மற்றப் பக்கத்தில என்ன இருக்கு? அதையும் போடு பாப்பம்.”